சாக்பீஸ் நனைந்த இடம்

டேப்பில் சாக்பீஸைத் தேய்த்து ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். எந்த இடத்தில் நனையத் தொடங்குகிறதோ, அதுதான் நீர்மட்டம். கல்லூரி விடுமுறையில் அளவெடுக்கும் வேலைக்கு எனக்குக் கொடுத்த பயிற்சி பதினைந்து நிமிடம். அதில் டீ ஐந்து நிமிடம்.

நீர்மட்டம் இருநூறு அடிக்குக் கீழே போயிருந்தால், ஊரில் எந்த மோட்டாரும் ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று புது விதி. விதி வந்த அன்றே அப்பா மருந்து கண்டுபிடித்துவிட்டார். அளவெடுப்பதற்கு முந்தைய மூன்று நாள் யாரும் மோட்டார் போடுவதில்லை. தண்ணீர் தானாக ஏறி நிற்கும். வேலித் தகராறில் ஏழு வருடமாகப் பேசாதவர்கள்கூட இதற்குச் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீரைச் சேமிக்கச் சொன்ன அதிகாரிகளுக்குக் கிடைக்காத ஒற்றுமை, அவர்களை ஏமாற்றக் கிடைத்தது.

கடைசியாகச் சித்தப்பா கிணறு. இருநூற்றிருபது அடி. போன வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா அறுநூறு அடிக்கு ஆழ்துளை போட்டார். நாற்பது நாளாக இது வறண்டு கிடக்கிறது. மாதுளை இலைகள் சுருண்டுவிட்டன. போன வாரம் வரை தினமும் காலையில் சித்தப்பா குழாய்க்குள் ஒரு கல்லைப் போட்டுக் கேட்பார். டக்.

"சும்மா ஒரு கணக்குக்கு இறக்குறேன் சித்தப்பா."

"இறக்குடா. செத்தவனுக்கும் டாக்டர் நாடி பாக்குறார்ல."

டேப்பை இழுத்தேன். கடைசி முப்பது அடி நனைந்திருந்தது. சித்தப்பா ஈரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னொரு தடவ இறக்கு."

மறுபடியும் முப்பது.

அதற்குள் அப்பா வண்டியில் வந்துவிட்டார். "எத்தன?"

"நூத்தித் தொண்ணூறு."

"பாஸ்." என் பரீட்சை மார்க்குக்குக்கூட அவர் இப்படிச் சிரித்ததில்லை. அளவை எழுதும் படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன்: 'சுற்றுவட்டாரத்தில் மோட்டார் கடைசியாக ஓடியது எப்போது?'

"இன்னிக்குக் காலையிலன்னு போடு. கரும்பு காயுது, நான் போய் மோட்டாரப் போடணும்."

"அண்ணே," என்றார் சித்தப்பா. "நீங்க மூணு நாள் நிறுத்துனதுக்கே இங்க முப்பது அடி ஏறியிருக்கு."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. மாதுளையைப் பார்த்தார்.

"நாலு மணி நேரத்துல கரும்பு பிழைக்காதுடா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

சித்தப்பா ஒரு கல்லை எடுத்துக் குழாய்க்குள் போட்டார். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

குளுப்.

என் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. அப்பா வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து இன்னொரு கல்லைத் தேடினார்.