சௌனாவில் முடிவான பயணம்

முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். ஆரோ குடும்பத்தின் ஏரிக்கரை வீட்டில் சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலுக்கு அதுதான் வரிசை. ஆரோவோடு வாழும் சாய்மி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீராவி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டாள். ஆனால் இந்த மே மாதம் முழுக்க ஈரத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோவும் அவன் அண்ணன் ஓட்ஸோவும் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. வார்த்தை விளங்காது. சுடுகல்லில் தண்ணீர் விழுந்து சீறும். பிறகு முணுமுணுப்பு. பிறகு ஒரு சிரிப்பு. கடைசியில் இருவரும் வெந்த நண்டு மாதிரிச் சிவந்து வெளியே வருவார்கள். கோடை பைக் பயணத்தில் இன்னொரு துண்டு முடிவாகியிருக்கும்.

இப்படித்தான் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் முடிவாயின. இப்படித்தான் நார்வேயின் வடமுனைக்குப் போகும் வழியில் கேம்பிங் மைதானங்களை விட்டுவிட்டு, கண்ட இடத்தில் காட்டோரம் கூடாரம் அடிப்பது என்று முடிவாயிற்று. போகும் வழியில் கெமியார்வியில் சாய்மியின் அப்பா வீட்டுத் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்குவது என்பதையும் அவளைக் கேட்காமலேயே முடிவு செய்தார்கள். அதற்குக்கூட அவள் கோபப்படவில்லை. பயணம் மூன்று பேருக்கும், பைக்கும் மூன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, சௌனாவில் முதல் சுற்று முடிந்து ஏரியில் முங்கிவிட்டு வந்த ஓட்ஸோ பீர் பாட்டிலைத் திறந்தபடி சொன்னான்: "திரும்பி வர்ற கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு. அக்கரை உமேயோவிலிருந்து நம்ம பக்கத்து வாசாவுக்கு. ரெண்டு பைக், மூணு பேர்."

சாய்மி வாசல் அடுப்பில் சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பியது திருப்பியபடி நின்றது.

"ரெண்டா?"

"உன் இருநூத்தம்பது சிசிய வச்சுக்கிட்டு நாங்க ஒவ்வொரு முக்குலயும் காத்துக்கிட்டு நிக்கவா? ஆரோ பின்னாடி சொகுசா உக்காந்து வா. போட்டோ எடு."

அவள் ஆரோவைப் பார்த்தாள். அவன் ஏரியைப் பார்த்தான். ஏரியில் பார்க்க ஒன்றுமே இல்லை. இரண்டு பேரும் துண்டை இறுக்கிக்கொண்டு இரண்டாவது சுற்றுக்கு உள்ளே போனார்கள்.

ஓட்ஸோவின் மனைவி ஹென்னா கடுகுச் சாஸ் டப்பாவை நீட்டினாள். பயணத்துக்கு அவள் வரவில்லை. இரண்டு குழந்தைகளோடு இங்கேயே இருக்கப் போகிறாள். பின்சீட்டில் உட்கார்ந்தால் மலையை நன்றாகப் பார்க்கலாம், ஓட்டுகிறவனுக்கு ரோடுதான் தெரியும், இதையெல்லாம் பெரிசு பண்ணாதே என்று மெல்லச் சொன்னாள். அவளும் ஒரு காலத்தில் பைக் ஓட்டியவள்தான். அது இப்போது கொட்டகையில் குழந்தைகளைப் பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜ் வண்டிக்குப் பின்னால் நிற்கிறது.

சாய்மிக்கு மலை பெரிசில்லை. கெமியார்விதான் பெரிசு. பதினைந்து வயதில் பஸ் வராத சாலையில் மொபெட்டில் பள்ளிக்கூடம் போனவள் அவள். மைனஸ் இருபதில், கண் இமையில் பனி உறைய. மரம் ஏற்றும் லாரிக்காரன் மகள் என்றும் பள்ளிக்கூடம் கூட்டுகிறவள் மகள் என்றும் அவளைத் தெரிந்த ஊர், அந்த மொபெட் சத்தத்தையும் தெரிந்து வைத்திருந்தது. அவள் பட்டம் வாங்கியபோது, அந்தக் குடும்பத்தில் முதல் ஆள் என்று, அப்பா ஊர் பெட்ரோல் பங்க் காபிக்கடையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அதே பங்கின் முன்னால், படித்த வீட்டுப் பையன் ஒருவன் முதுகைக் கட்டிக்கொண்டு போய் இறங்குவதா? ஊர் ஒன்றும் சொல்லாது. காபியை உறிஞ்சிக்கொண்டு பார்க்கும். அப்பாவும் பார்ப்பார்.

உள்ளே மறுபடி முணுமுணுப்பு. மறுபடி சிரிப்பு.

அவளால் உட்கார முடியவில்லை. படியில் இறங்கினாள், ஏறினாள். கொட்டகைப் பக்கம் போய்த் தன் பழைய ஹோண்டாவின் சீட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். சௌனாவில் யாரும் குரலை உயர்த்துவதில்லை, அங்கே சண்டை இல்லை. அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் வாயைத் திறக்கவே விடாமல் ஒருத்தியை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே மரியாதையாக இருப்பது என்ன மரியாதை? சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஜீன்ஸ், பனியன், காலுறை எல்லாவற்றோடும்.

உடுப்போடு சௌனாவுக்குள் வருவது சர்ச்சுக்குள் பைக்கை ஓட்டி வருவது மாதிரி. ஓட்ஸோ பதறித் துண்டைத் தேடினான். சாய்மி மேல் பலகையில் ஏறி, வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு அகப்பை தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். கல் சீறியது. இன்னொன்று ஊற்றினாள். ஜீன்ஸ் பொத்தான் வயிற்றைச் சுட்டது. நாலாவது அகப்பையில் ஓட்ஸோ, காது பொசுங்குகிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஓடினான்.

ஆரோ மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

"நீ என்ன சொன்ன அவன்கிட்ட?" அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல, சாய்மி."

"அதத்தான் கேக்கறேன். அவன் என்னைத் தூக்கிப் பின்சீட்டுல வச்சப்ப நீ ஒண்ணும் சொல்லல. அவன் சரின்னு எடுத்துக்கிட்டான்."

ஆரோ வியர்வையைத் துடைத்தான். அவளும்தான் இத்தனை வாரமாக ஒன்றும் சொல்லவில்லையே, சம்மதம் என்று நினைத்துவிட்டேன் என்றான்.

"யாராவது என்னைக் கேட்டீங்களா? நார்வேல எண்பதுக்கு மேல போனா அபராதத்துக்கு இந்த ஏரிவீட்டயே எழுதிக் குடுக்கணும். அங்க என் வண்டி எண்பது போகாதா? நான் என் வண்டியில வரணும்னு நீ நினைக்கிறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

ஆரோ அவள் கையிலிருந்த அகப்பையை வாங்கி வாளியில் போட்டான். பிறகு அவன், வரணும் என்றான்.

"அப்ப போய் அவன்கிட்ட சொல்லு. நீ நினைக்கிறதா சொல்லு."

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். சாய்மி மேல் பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்கள். படி முனகியது. பாட்டில் திறந்தது. காற்றுக்காக மேல் சன்னலை யாரோ திறந்து வைத்திருந்ததால் இன்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"அவ பிடிவாதம் பிடிக்கிறாண்ணே. அவ வண்டிக்கும் ஒரு டிக்கெட் போட்டுரு. இல்லேன்னா இந்த சம்மர் பூரா மூஞ்சிய தூக்கிட்டு இருப்பா."

ஓட்ஸோ சிரித்தான். கொஞ்சம் தயங்கி, ஆரோவும் சிரித்தான்.

அவ்வளவுதான். டிக்கெட் கிடைத்துவிட்டது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சாய்மிக்கு அழுகை வரவில்லை. பசி எடுத்தது.

வெளியே வந்து ஏரியில் அப்படியே முங்கி எழுந்தாள். உலர்ந்த உடுப்பு மாற்றி, ஜாக்கெட் போட்டு, தன் கூடாரத்தைச் சீட்டுக்குப் பின்னால் வைத்து ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். ஹோண்டாவைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தபோது மூவரும் படியில் நின்றார்கள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் ஆரோ. "அதான் சொல்லிட்டேனே."

"கேட்டுச்சு."

அவன் முகம் இன்னும் சிவந்தது.

"ஜூலைல கெமியார்விக்கு வந்தா வாங்க. அப்பா தோட்டத்துல கூடாரம் அடிக்க இடம் இருக்கும். நான் அதுக்கு முன்னாடியே வடமுனை போய்ட்டு வந்திருப்பேன். எந்தெந்த இடத்துல கொசு கம்மின்னு சொல்றேன்."

"அப்ப அந்த மூணாவது ஆள் டிக்கெட்?" என்றான் ஓட்ஸோ.

"பீர் பெட்டிய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க. அது முக்குக்கு முக்கு காக்க வைக்காது."

ஹென்னா சத்தமாகச் சிரித்துவிட்டாள். ஓட்ஸோ திரும்பி முறைத்தான். அவள் நிறுத்தவில்லை. கருகாத சாசேஜாகப் பொறுக்கி ரொட்டியில் சுருட்டி வந்து, சாய்மியின் ஜாக்கெட் பையில் திணித்தாள்.

மண் பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் சாய்மி ஒரு கணம் நிறுத்தினாள். பின்னால் எந்த வண்டிச் சத்தமும் வரவில்லை. வெயில் இன்னும் மரங்களுக்கு மேலேதான் இருந்தது. இடது பக்கம் திரும்பினால் அவளும் ஆரோவும் இருக்கும் ஊர், வலது பக்கம் வடக்கு. ஹோண்டா வலப்பக்கம் திரும்பி, தனக்குப் பிடித்த எண்பதில் போனது.