தலையாட்டிய கத்தி

"படார்!" என்றது கடைசல் லேத். அக்காவின் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

உடைந்தது இரண்டாவது பிளேடு. கம்பியிலிருந்து வளையத்தை அறுத்தெடுக்கிற அந்த ஒல்லிக் கத்தியில் இனி மிச்சம் ஒன்றே ஒன்று. வெண்கலக் கம்பியிலும் இன்னும் ஒரு வளையத்துக்குத்தான் இடம். சாயங்காலம் தங்கைக்குச் சக்கர நாற்காலிப் பந்தயம். வருடம் முழுக்க வியர்வை சிந்தியிருக்கிறாள். பந்தய நாற்காலியின் முன்சக்கர அச்சைத் தாங்கும் வெண்கல வளையம், அந்தப் புஷ், இன்று காலையில்தானா பிளந்து பல்லை இளிக்க வேண்டும்? கடை கடையாக அலைந்தும் அந்த அளவு கிடைக்கவில்லை.

"விடு, நான் பண்ணித் தர்றேன்" என்று மார்தட்டியவள் அக்காதான். சமையலறைக்கு அடுத்த அறையில் மேசைமேல் இருக்கும் அந்தச் சின்ன லேத் அவளுடைய செல்லப்பிள்ளை. கைப்பிடியை ஒற்றை விரலால் தொட்டால், கத்தியைத் தாங்கி நகரும் ஸ்லைடு வெண்ணெய் மாதிரி ஓடும். வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்து வந்து ஓட்டிக் காட்டுவாள்.

கடைசல் அழகாக வந்தது, துளையும் கச்சிதம். அறுக்கும்போதுதான் சனியன் பிடித்தது. கத்தியின் உயரத்தைச் சரிபார்த்தாள், உள்ளே இழுத்துக் குட்டையாக்கினாள், வேகத்தைக் குறைத்தாள், எண்ணெயை ஊற்றினாள். ம்ஹூம்! கிறீச்சென்று ஒரு கத்தல், அப்புறம் படார்.

"வேற யார்கிட்டயாவது நாற்காலி கேட்டுப் பாரேன்" என்றாள் அக்கா.

"அடுத்தவங்க செருப்புல ஓடச் சொல்றியா? கடைசி பிளேடைப் போடு. நான் பக்கத்துல இருந்து பாக்கறேன்."

தங்கை வீட்டில் ஓட்டும் தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு மேசையோரம் வந்தாள். அவள் கண்ணுக்கு நேரே கத்தி. அக்கா எப்போதும் நின்றபடி மேலிருந்துதான் பார்ப்பாள். கடைசி பிளேடைப் போட்டு லேத்தை ஓட்டினாள். கத்தி கம்பியை லேசாகத்தான் தொட்டது.

"நிறுத்து, நிறுத்து! உன் கத்தி தலையாட்டுது!"

"இறுக்கித்தானே வச்சிருக்கேன்?"

"கத்தி சரிதான். அது உக்காந்திருக்கிற ஸ்லைடே குனியுது. குனிஞ்சு பாரு!"

அக்கா மண்டியிட்டுப் பார்த்தாள். அடக் கடவுளே! வெண்ணெய் மாதிரி ஓட வேண்டும் என்று ஸ்லைடின் பக்கத்துத் திருகுகளை அவளேதான் தளர்த்தி வைத்திருந்தாள். எல்லோரிடமும் பீற்றிக்கொண்ட அந்த வழவழப்புதான் இரண்டு பிளேடையும் தின்றது.

"மானம் போச்சு" என்றாள்.

"அப்புறமா அழலாம், முறுக்கு!"

முறுக்கினாள். கைப்பிடி முரண்டு பிடித்தது; வழவழப்பு போச்சே என்று நெஞ்சு வலித்தது. பயந்து தடவாமல், ஒரே சீராகக் கத்தியை உள்ளே விட்டாள். கத்தல் இல்லை! பொன் நிறத் துகள் சரசரவென்று கொட்டியது. டிங்! வளையம் தட்டில் விழுந்தது. இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

மைதானத்தில் எல்லோரும் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் கோட்டோரம் மண்ணில் மண்டியிட்டாள். முன்சக்கரம் அவள் கண்ணுக்கு நேரே சீறிக்கொண்டு வந்தது. துளி ஆட்டம் இல்லை. அவள் ஓவென்று அழுதுவிட்டாள். தங்கை இரண்டாவதாக வந்தாள் என்பதைப் பக்கத்தில் நின்றவர்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.