எக்ஸ்போசிற்றோ வீட்டுச் சம்பந்தம்

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு மருந்தில்லாத ஒரு வியாதி உண்டு. ஆரைக் கண்டாலும் மூலம் விசாரிப்பார். நாடு விட்டு வந்த புதிதில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டிடத்தில் இருந்த காலத்தில், லிஃப்ற்றுக்குள் ஒரு தமிழ் முகம் ஏறினால் போதும். எந்த ஊர், எந்தக் கோயிலடி, தகப்பன் ஆர், தாயைப் பெற்றவர் ஆர் என்று அந்த ஆள் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் கறந்துவிடுவார். மல்வேர்னில் வீடு வாங்கி வந்த பிறகும் வியாதி குறையவில்லை. பேரைக் கேட்டால் ஊர் தெரியும், ஊரைக் கேட்டால் ஆளைத் தெரியும் என்பது அகஸ்ரின் அத்தானுடைய வேதம்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அவருடைய ஒரே மகள் கரோலின், தன்னோடு பாங்கில் வேலை செய்யும் ஆர்ஜென்ரீனாப் பொடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பெயர் மார்த்தின் எக்ஸ்போசிற்றோ. கத்தோலிக்கன், நல்ல வேலை, அமைதியான பிள்ளை. அத்தானுக்கு இதொன்றும் காதில் ஏறவில்லை. விசாரிக்க ஆளில்லையே என்பதுதான் அவருடைய கவலை. மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ரெலிபோன் எடுத்து எக்ஸ்போசிற்றோ குடும்பம் எப்படி என்று கேட்க முடியுமா?

"உது நல்ல குடும்பப் பேரோ பிள்ளை?" என்று மகளைக் கேட்டார்.

"அவையின்ர பரம்பரை ஸ்பெயின்ல இருந்து வந்ததாம், அப்பா. அங்க கனபேருக்கு இந்தப் பேர் இருக்காம். வெரி கொமன்."

"எங்கட ஊரிலயும் அந்தோனி கனபேர். எல்லா அந்தோனியும் ஒண்டோ?"

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருக்கிறது. கரோலின் என் அக்கா றீற்றா பெற்ற பிள்ளை இல்லை.

ஊரில், காட்டுக்குள் இருந்த ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு நாங்கள் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம். கல்யாணமாகிப் பல வருடமாக வயிறு திறக்காத அக்கா அழுது அழுது நேர்த்தி வைத்த வருடம் அது. காலைப் பூசை முடிந்து திரும்பி வந்தால், எங்கள் பாயில் ஒரு பெண் குழந்தை கிடக்கிறது. திருவிழா முடிந்து சனமெல்லாம் கலைந்து போகும்வரை காத்திருந்தோம். ஒருத்தரும் தேடி வரவில்லை. கோயில் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோனோம். "மாதா தந்த பிள்ளை, வளருங்கோ" என்றார். அக்காவும் அத்தானும் ஊருக்குத் திரும்பாமல் தெரிந்தவர் இல்லாத இடமாகப் பார்த்துக் குடியேறினார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பெட்டை. அக்கா என் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்து, அவளுக்கும் ஊருக்கும் ஒருநாளும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினா. அந்தக் கை இன்றைக்கும் எனக்குப் பாரம்தான்.

அப்படிப்பட்டவர் அடுத்தவனின் மூலத்தைத் தோண்டலாமா? ஒருநாள் குசினிக்குள் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"அத்தான், ஊரார்ர மூலம் கிடக்கட்டும். எங்கட வீட்டு மூலம் என்ன?"

"எங்கட வீட்டில என்ன?" என்றார்.

நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்கு ஞாபகம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றவருக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல விளங்கியது. கதிரையில் இருந்துவிட்டார். அந்த மனிதர் அதை மறந்தே போயிருந்தார். அதற்குமேல் அவரோடு எப்படிக் கோபிப்பது? எனக்குத்தான் கண் கலங்கியது.

ஆனால் வியாதி வியாதிதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்த்தினும் தாய் எலேனாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். எலேனா வாய் நிறையச் சிரிக்கிற மனுசி. அக்காவின் நண்டுக்கறியைக் கையால் சாப்பிட்டு, விரலையும் சூப்பினா. எனக்கு அவவை அப்போதே பிடித்துவிட்டது. அவ பேசும் ஸ்பானிஷை மார்த்தின் ஆங்கிலத்தில் சொல்ல, அதைக் கரோலின் தமிழில் சொன்னாள். அத்தானுக்கும் அக்காவுக்கும் இருந்தது ஃபக்ரறி ஆங்கிலம். சம்பந்தம் பேச அது காணாது.

கை கழுவிவிட்டு வந்த அத்தான் தொண்டையைச் செருமினார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். மனிதர் அசையவில்லை.

"பிள்ளை, அவையின்ர பேருக்கு என்ன அர்த்தம், எங்க இருந்து வந்ததெண்டு ஒருக்காக் கேள்."

எலேனா கதிரையை இழுத்துப்போட்டு வசதியாக இருந்துகொண்டு சொல்லத் தொடங்கினா. கரோலின் சந்தோசமாக மொழிபெயர்த்தாள்.

"அந்தக் காலத்தில ஸ்பெயின்ல பிள்ளையள வளர்க்க ஏலாத ஆக்கள், அநாதை மடத்துக்குக் கொண்டுபோவினமாம். சுவரில ஒரு மரப்பெட்டி இருக்குமாம், சுத்துற மாதிரி. வெளியில நிண்டு பிள்ளையை அதுக்குள்ள வச்சுச் சுத்திவிட்டு, மணியடிச்சிட்டுப் போயிடலாம். ஆர் வச்சதெண்டு உள்ளுக்க நிக்கிறவைக்குத் தெரியாது. அப்பிடி விட்டுட்டுப் போன பிள்ளையளுக்கு வச்ச பேராம் எக்ஸ்போசிற்றோ. வெளியில விடப்பட்டது எண்டு அர்த்தம். அதாலதான் அப்பா, இவ்வளவு பேருக்கு இந்தப் பேர்."

அக்காவின் கையில் இருந்த கரண்டி கறிச்சட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

"பிறகு கனபேர் வெக்கத்தில பேரை மாத்திப்போட்டினமாம். மார்த்தின்ர பூட்டன் மாத்தேல்லையாம். எங்கட பரம்பரை ஒரு மரப்பெட்டியில இருந்து தொடங்குது, அதுக்கு ஏன் வெக்கப்படோணும் எண்டு கேக்கிறா. இற்ஸ் ஸோ பியூற்றிஃபுல், இல்லையா சித்தி?"

"ஓம் பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்ல? வேலியில் போன ஓணானைப் பிடித்துத் தன் காதுக்குள் தானே விட்டுக்கொண்ட மனிதர், எனக்குப் பக்கத்தில் வேர்த்துப்போய் இருந்தார். எழும்பித் தேத்தண்ணி போடுகிறேன் என்று கதையை மாற்றியிருக்கலாம்.

எலேனா திருப்பிக் கேட்டா. மரியாதைக்குத்தான் கேட்டா, பாவம்.

"எங்கட பேருக்கு என்ன அர்த்தமெண்டு கேக்கிறா. எங்களுக்குக் குடும்பப் பேர் இல்லை, அப்பான்ர பேர்தான் பிள்ளைக்கு வரும் எண்டு நான் சொல்லிட்டன்" என்றாள் கரோலின். பிறகு மார்த்தின் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்ப தேப்பன் ஆரெண்டே தெரியாத பிள்ளைக்கு உங்கட ஆக்கள் என்ன பேர் வைப்பினமாம்? உங்களிட்டக் கேக்கச் சொல்லுறா, அப்பா."

அத்தான் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எடுத்து வளக்கிறவன்ர பேர்" என்றார்.

அவள் மொழிபெயர்த்தாள். எலேனா நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னா.

"அது அவையின்ர வழக்கத்திலும் பார்க்க நல்லதாம். அவவின்ர ஆக்களுக்குச் சாகும்வரை அந்தப் பேர் ஒட்டிக்கொண்டு நிண்டதாம். ஆனா பிறகு பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுவினமோ எண்டு கேக்கிறா." கரோலின் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். "எங்கட ஆக்களோ? செத்தாலும் சொல்லாயினம். நான் அப்பிடியே சொல்லப்போறன்."

அவள் அப்படியே சொன்னாள். மார்த்தின் சிரித்தான். எலேனா சிரிக்கவில்லை. அவ அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. மரப்பெட்டியில் தொடங்கிய பரம்பரைக்கு அது தெரியாமல் போகுமா?

"இஞ்சேருங்கோ" என்றா அக்கா. அது ஒரு கெஞ்சல். "பேசாம இருங்கோ."

"சொல்லு பிள்ளை அவவுக்கு" என்றார் அத்தான். கண்ணால் தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. "சில பேர் சொல்ல ஏலாமல்தான் சொல்லேல்லை எண்டு சொல்லு. எனக்கு ஒருத்தனைத் தெரியும். திருவிழாவுக்குப் போன இடத்தில அவன்ர பாயில ஒரு பிள்ளை கிடந்தது."

"அப்பா, ஏன் அழுறியள்? ஆரது, உங்கட ஃபிரெண்டோ?" கேட்டுவிட்டு அவள் மார்த்தின் பக்கம் திரும்பி, கோயில் திருவிழா, ஒரு பாய், ஒரு குழந்தை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பொம்பிளைப் பிள்ளை. அவன்ர மனுசிக்குப் பிள்ளையில்லை."

அதையும் சொன்னாள். குரல் கொஞ்சம் மெதுவாகிவிட்டது.

நான் சத்தியம் செய்த கையை மடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தானின் வாயைப் பொத்தவா, அவளுடைய காதைப் பொத்தவா? இரண்டுக்கும் நேரம் கடந்துவிட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டா.

"ஊர் ஆயிரம் கேக்கும் எண்டு அவன் ஊரை விட்டே போனான். தான் பெறாத பிள்ளை எண்டதே பிறகு அவனுக்கு மறந்துபோச்சு. அந்தப் பிள்ளைக்கு அவன் தன்ர பேரைக் குடுத்தான். அகஸ்ரின் எண்டு."

கரோலின் ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவன் அவளுக்குத் தன் பெயரைக் கொடுத்தான் என்பதுவரை வந்தது. அதோடு நின்றுவிட்டாள்.

"வாட் டிட் ஹீ சே?" என்று கேட்டான் மார்த்தின்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் நானும் சொல்லவில்லை.