அணைக்கக் கூடாத லேப்டாப்

அன்று வீட்டில் இருந்தவர்கள்:

அக்கா. மாலை நாலு மணிக்குத் தேர்வு எழுத வேண்டியவள்.

அத்தான். அக்காவின் கணவர். லாரி டயர் விற்பவர். வாரத்தில் ஆறு நாள் வேலைக்காகப் பேசுவார், ஏழாவது நாள் சும்மா பேசுவார்.

அப்பா. ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவைக் கண்டால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதவர்.

நான். கம்ப்யூட்டர் கோளாறு என்று போன் செய்கிறவர்களுக்கு மூன்று வருடம் இரவு ஷிப்டில் பதில் சொன்னவன். எட்டு மாதத்துக்கு முன்னால் பேச்சின் நடுவிலேயே ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை.

அக்காவின் லேப்டாப். வயது ஒன்பது.

அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. எதையும் பிரித்துப் பார்க்காமல் அம்மா குப்பையில் போட மாட்டாள்.

அந்த லேப்டாப்பை ஒன்றரை வருடமாக யாரும் அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி உயிர் வர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அதனால் வேலை முடிந்ததும் மூடி வைப்போம், வேண்டும்போது திறப்போம். தெரியாமல்கூட யாரும் அணைத்துவிடக் கூடாதென்று பவர் பட்டன்மேல் அப்பா ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரிதான். அதில் சிவப்புப் பேனாவில் ‘தொடாதே’ என்று எழுதியிருந்தது.

அக்கா ஒரு மருந்துக்கடைக் கவுன்டரில் தினமும் பத்து மணி நேரம் நிற்கிறாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதலில் வாளியில் வெந்நீர் வைத்துக் காலை உள்ளே விடுவாள். பிறகுதான் பேச்சு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு, வீட்டில் உட்கார்ந்தபடி டைப் செய்து கொடுக்கும் வேலை ஒன்று இருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதே அவளுக்குப் போதும். அதற்கு ஒரு தேர்வு. இரண்டே வாய்ப்பு. முதல் வாய்ப்பில் பதினோராவது நிமிடம் திரை அப்படியே நின்றுவிட்டது. அது மறுபடி அசைந்தபோது, நீங்கள் தேர்விலிருந்து வெளியேறிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தது. இன்று இரண்டாவது வாய்ப்பு. தேர்வுக்கான மென்பொருள் அந்த லேப்டாப்பின் பேரில் பதிவாகியிருந்தது, வேறொன்றைக் கடன் வாங்கவும் வழியில்லை.

அதனால்தான் எஸ்எஸ்டி, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு. அத்தான் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். சீட்டுக்கட்டில் பாதிப் பருமன்கூட இல்லாத கறுப்புத் தகடு. அப்பா அதை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

“உள்ள ஒண்ணும் சுத்தலையே?”

“சுத்தாது மாமா. அதனாலதான் வேகம்” என்றார் அத்தான். கடைக்காரர் சொன்னதை வாங்கி அப்படியே விற்றார்.

“சுத்தாம எப்படி மாப்பிள்ளை ஓடும்? நாப்பது வருஷம் மோட்டாரோட குடும்பம் நடத்தினவன் நான். என்கிட்டயே கதை விடுறீங்க.”

“டேய், நிஜமா உனக்குத் தெரியும்ல?” என்று அக்கா என்னைக் கேட்டாள்.

“தெரியும்” என்றேன்.

தெரியாது. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், மூடியை மெதுவாக நெம்புங்கள் என்று மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் கையால் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகியதில்லை. கரையில் நின்றுகொண்டு நீச்சல் சொல்லிக் கொடுத்த பிழைப்பு.

காலை எட்டரைக்கு ஆரம்பித்தேன். முதல் வேலை, பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுப்பது. அதற்கு ஒரு கேபிள், ஒரு மென்பொருள், நிறையப் பொறுமை வேண்டும். கேபிளைச் சொருகும் முன் கீபோர்டைத் துடைத்தேன். பட்டன்மேல் இருந்த பிளாஸ்திரி அழுக்கேறிப் பல்லிளித்தது. பிய்த்தேன். கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அப்பா எதையும் மூன்று சுற்றுச் சுற்றித்தான் ஒட்டுவார் என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

நகல் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பத்து சதவீதம் ஏற அரை மணி நேரத்துக்கும் மேல். அப்பா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“எந்த மாடி வந்திருக்கு?”

“நாப்பது சதவீதம்ப்பா.”

“நடுவுல நின்னா சொல்லு, கையால இழுத்துக்கலாம்.”

அத்தான் சும்மா இருக்க முடியாமல், மூன்று வாரமாக அக்கா சொல்லிக்கொண்டிருந்த வேலையைச் செய்தார். வீட்டில் இருந்த எல்லாக் குப்பையையும் ஒரே பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அக்கா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“என்னங்க, உடம்பு சரியில்லையா?”

“நல்லது பண்ணாலும் சந்தேகமா? இந்த வீட்ல மனுஷன் திருந்தவே கூடாது.”

இரண்டே காலுக்கு நகல் முடிந்தது. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக லேப்டாப்பை அணைத்தேன். விசிறிச் சத்தம் நின்றது.

பின்பக்கம் பதினோரு ஸ்க்ரூ. வீட்டில் இருந்த எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் இறங்கவில்லை. அப்பா தன் கண்ணாடிக் கூட்டிலிருந்து மூக்குக்கண்ணாடிக்கு முறுக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போடச் சொன்னதும் அவர்தான். பத்து வந்தது. பதினொன்றாவது கண்ணில் படவில்லை, மூடியும் அசையவில்லை.

“ரப்பர் காலைத் தூக்கிப் பாரு” என்றார் அப்பா. “செஞ்சவன் எவனா இருந்தாலும் ஒண்ண ஒளிச்சுத்தான் வைப்பான்.”

ரப்பருக்கு அடியில் இருந்தது. மூடியைப் பழைய பஸ் அட்டையால் நெம்பினேன். உள்ளே பூனை வளர்த்ததுபோல ஒரு கைப்பிடித் தூசி. ஹார்ட் டிஸ்கைப் பக்கவாட்டில் இழுத்தேன், கழன்று வந்தது. அதே தாங்கியில் எஸ்எஸ்டியை வைத்து, அதே இடத்தில் தள்ளினேன். டக்கென்று உட்கார்ந்தது. இவ்வளவுதான். போனில் இதைச் சொல்ல எனக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

ஸ்க்ரூக்களை முறுக்கி முடித்தபோது மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம். அக்கா பட்டனை அழுத்தினாள். அழுத்திவிட்டுப் பழக்கத்தில் எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். அவள் கணக்கில் அது பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, தலை வாரும் நேரம்.

“எங்க போற? வந்துடுச்சு” என்றேன்.

“என்ன வந்துடுச்சு?”

பதினைந்து நொடி. திரை பளிச்சென்று நின்றது. அத்தான் கை தட்டினார். அக்கா ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். அவள் அகராதியில் அது பாராட்டு.

திரையில் அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம். பாஸ்வேர்டு கேட்டது.

“என்ன பாஸ்வேர்டு?” என்றேன்.

“எதுக்கு? இது கேக்காதே.”

“அணைச்சதனால கேக்குது. ஒன்றரை வருஷமா அணைக்கல, அதனால கேக்கல. நீதான வச்ச?”

“வச்சேன். எப்பவோ வச்சேன்.” அவள் உட்கார்ந்து ஒன்றை அடித்தாள். தவறு. இன்னொன்று. தவறு. கல்யாண நாள், கடை போன் நம்பர், முதல் லேப்டாப்பின் பாஸ்வேர்டு, எல்லாம் தவறு. ஐந்தாவதுக்குப் பிறகு சிறிது நேரம் காத்திருக்கும்படி திரையே சொல்லிவிட்டது.

“பழைய டிஸ்கையே திரும்பப் போட்டுடேன்” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

“அதுவும் இதையேதான் கேக்கும். இது அதோட நகல்.”

மணி மூன்று ஐந்து. முன்பு என்னிடம் இப்படிப் போன் செய்தவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன்: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாம். அழித்தால் தேர்வு மென்பொருளும் போகும், அதன் பதிவும் போகும். அக்கா திரும்ப நிற்கப் போய்விடுவாள். காரணம் நான். வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் சும்மா கிடந்தவன், முதல்முறையாக ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதன் பலன்.

அப்போது அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன, நின்னுடுச்சா?”

“பாஸ்வேர்டு தெரியலப்பா” என்றாள் அக்கா.

“அதான் பட்டன்லயே இருக்கே.”

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

“எந்தப் பட்டன்?”

“பிளாஸ்திரிக்கு அடியில வச்சிருந்தேன்ல. நீ ஒரு அட்டைத் துண்டுல எழுதி மேசைமேல போட்டிருந்த. அதை மடிச்சு உள்ள வச்சுத்தான் ஒட்டினேன்.”

“யாராவது பாஸ்வேர்டை அங்க வைப்பாங்களாப்பா?”

“பின்ன எங்க வைப்பாங்க? அது எப்போ வேணும்? ஆஃப் ஆனதை ஆன் பண்ணும்போது. ஆன் பண்ணணும்னா பிளாஸ்திரியப் பிரிக்கணும். பிரிச்சா கையில கிடைக்கும். லிஃப்ட்ல வேலை நடக்கும்போது மெயின் சுவிட்ச்லதான் ‘தொடாதே’ன்னு சீட்டு கட்டுவோம், வீட்டு பீரோவுலயா வைப்போம்? அன்னிக்கே சொன்னேன். இந்த வீட்ல நான் பேசுறத எவன் கேக்குறான்?”

குறை சொல்ல ஒரு இடம்கூட இல்லை. இந்த வீட்டிலேயே ஒழுங்காக யோசித்தவர் அவர் ஒருவர்தான். நான் குப்பைக்கூடையைப் பார்த்தேன். புதுப் பை மாட்டிச் சுத்தமாக இருந்தது. நாங்கள் அத்தானைப் பார்த்தோம்.

“அதான் சொன்னேன், நல்லதே பண்ணக் கூடாதுன்னு” என்று சொல்லிக்கொண்டே அத்தான் செருப்பில்லாமல் ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். மூன்று மாடி. கட்டடத்தின் பின்புறத் தொட்டி காலியாக இருந்தது. குப்பை லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் வழக்கம் அதுதான். அத்தான் நிற்கவில்லை. லாரியின் பக்கவாட்டில் ஓடி, ஓட்டுநரின் ஜன்னலுக்கு நேராகக் கத்தினார்.

“அண்ணே, நிறுத்துங்க! பின் டயர் மொட்டையாயிருக்கு!”

லாரி நின்றது. அதன்பின் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது ஓட்டுநர் இறங்கி டயரைத் தடவிக்கொண்டிருந்தார், அத்தான் இடுப்பளவு குப்பைக்குள் நின்று எங்கள் வீட்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்தார். பச்சைப் பை, இரட்டை முடிச்சு. அப்படிக் கட்ட அவரைப் பழக்கியது அக்கா. ஊரில் வேறு யாரும் குப்பைக்கு இரட்டை முடிச்சுப் போடுவதில்லை, அதனால் அது தனியாகத் தெரிந்தது.

நடைபாதையிலேயே அதைக் கொட்டினோம். முட்டை ஓடு, டீத்தூள், தலைமுடிச் சுருள். டீத்தூளுக்குள் பிளாஸ்திரி. உள்ளே எட்டாக மடித்த அட்டைத் துண்டு. அத்தான் அதைப் பிரித்துப் படித்தார். கொட்டியதை வாரிப் பையில் கட்டி லாரியில் போட்டுவிட்டு, படியேறி வரும் வரை வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் வந்து அக்காவிடம் அட்டையை நீட்டினார்.

“பேசாமலிரு, அப்புறம் இருபத்திரண்டு” என்று அதில் இருந்ததைப் படித்தார். “இது யாருக்கும்மா?”

அக்கா அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சட்டையில் டீத்தூளும் முட்டை வெள்ளையும் வழிந்தன.

“லேப்டாப்புக்குங்க. பட்டனை அழுத்தினா இருபத்திரண்டு நிமிஷம் பேசாம காத்திருக்கணும்ல.”

“நம்பிட்டேன்.”

“சரி, பாதி உங்களுக்கும்தான். மொதல்ல தள்ளி நில்லுங்க, நாறுது.”

ஆங்கில எழுத்தில் அடித்தாள். திரை திறந்தது. மூன்று முப்பத்தெட்டு. தேர்வு மென்பொருளை அழுத்தினாள். முன்பெல்லாம் அது வருவதற்குள் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாம். இப்போது விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது. சோதனைப் பக்கத்தில் நாலு வரி தட்டிப் பார்த்தாள். விரலுக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அவள் சிரித்தாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு.

“டேய், இது நான் டைப் பண்றதுக்கு முன்னாடியே அடிக்குதுடா.”

விதிமுறை திரையில் இருந்தது. ஐம்பது நிமிடம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கேமராவில் இன்னொரு முகம் தெரிந்தால் தேர்வு ரத்து.

மூன்று பேரும் அப்பாவைப் பார்த்தோம். அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. தட்டாமல் தள்ளித் தள்ளி அதை உடைத்தவரே அவர்தான்.

“என்னை ஏன் பாக்குறீங்க?” என்றார். பிறகு அவரே போய் மொட்டைமாடிக் கதவின் பூட்டைக் கொண்டுவந்தார். “வெளிய பூட்டிடு. சாவிய மட்டும் என்கிட்ட குடுக்காத. நான் திறந்துடுவேன்.”

“அவசரம்னா?” என்றார் அத்தான்.

“சத்தமா தட்டுவேன்” என்றாள் அக்கா. “நீங்க குளிங்க. குளிச்சிட்டு, அந்த அட்டையில என்ன எழுதியிருக்கோ அதைச் செய்ங்க.”

அவள் உள்ளே போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூன்று ஐம்பத்தாறு. நான் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி அழுத்தினேன். சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.