ஹெட்செட்டோடு திருவிருந்து

திருப்பதியில் ஃப்ரிட்ஜ் புகார்களைப் போனில் கேட்கும் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து சுகிர்தா ஒரு ஞாயிறுகூடக் கோயில் வாசலை மிதித்ததில்லை. முதலாளி தேவவரமும் கிறிஸ்தவர்தான். சுவரெல்லாம் வசனம், நாற்காலியெல்லாம் மூட்டைப்பூச்சி. சொந்த ஊர் குடிபாலாவுக்குப் போய்த் திருவிருந்து எடுக்க ஒரு ஞாயிறு லீவு கேட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்ன எதுக்கும்மா அலைய வைக்கணும்? ஆண்டவரையே இங்க கூட்டிக்கினு வந்துடறேன்."

சொன்னபடி அடுத்த ஞாயிறு பாஸ்டர் வந்தார். முதலில் கம்பெனி டார்கெட்டுக்காகவும், நேரம் மிஞ்சியதால் பாவிகளுக்காகவும் ஜெபித்தார். பிறகு ரயிலில் வடை விற்பவர்போல அப்பத் தட்டை நீட்டிக்கொண்டே வந்தார். சுகிர்தாவின் காதில் ஒரு நெல்லூர்க்காரர் கத்திக்கொண்டிருந்தார். அவள் ஹெட்செட்டைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதம்மா," என்றார் தேவவரம். "மியூட் போட்டுக்கினு வாங்கிக்கோ. லைன் கட்டாயிடப் போவுது."

பாஸ்டரும் தலையாட்டினார். "ஆண்டவர் இருதயத்தத்தானே பாக்கறாரு."

முழங்காலிட்டு வாங்க வேண்டியதை மியூட் போட்டு வாங்குவதா? சுகிர்தா ஹெட்செட்டைக் கழற்றிப் பாஸ்டரின் தலையில் பவ்யமாக மாட்டினாள்.

"ஐயா, இவரு ஃப்ரிட்ஜுல மீனு நாறிக்கினு கீதாம். நீங்களே ஆறுதல் சொல்லுங்க. நான் கோயிலுக்குப் போறேன்."

"போனா அப்டியே போயிடு, வேலைக்கு வராத!" என்று தேவவரம் கத்தினார்.

"ஸ்தோத்திரம் சார்."

சித்தூர் பஸ் ஏறினால் குடிபாலாவில் மாலை ஆராதனையைப் பிடித்துவிடலாம். அவள் படியிறங்கும்போது பாஸ்டர், "லைன்லோ உண்டண்டி சார்" என்று, லைனை வைத்துவிட வேண்டாமென நெல்லூர்க்காரரிடம் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.