கட்டிக்குள் குடிவந்தவை

நெட்டையக்காவுக்கு நாத்தனார் தரவேண்டியது எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. தையல் மெஷினுக்காக வாங்கிய கைமாற்று. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "அண்ணி, உங்க வீட்டுப் படி ஏறவே பயமா இருக்கு. கட்டிக்குள்ள கிருமியாமே!"

கிருமி என்னவோ நிஜம். டிப்போவில் பஸ் கழுவும் நெட்டையக்காவின் சினைப்பையிலிருந்து எடுத்த புற்றுக்கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள், கொடுத்தாள். அதில் கிருமிகளின் தடயம் இருந்ததாம். அதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னதுதான் வினை. அழுக்கு வேலை பார்த்து வந்த நோய் என்று சொந்தம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள் நாத்தனார்.

நெட்டையக்கா டாக்டரிடமே கேட்டாள். "பஸ் கழுவித்தான் வந்துச்சா, டாக்டர்?"

"யார் சொன்னா? கிருமி கட்டியை வளர்த்துச்சா, கட்டி வளர்ந்தப்புறம் கிருமி குடிவந்துச்சா, இல்ல எங்க கையுறையிலேர்ந்தே ஒட்டிக்கிச்சா, எங்களுக்கே இன்னும் தெரியலைம்மா. ஆனா உங்க புற்றுநோய் யாருக்கும் தொத்தாது."

அது போதும். அடுத்த முறை மருந்து ஏற்றவும் பணம் வேண்டும். மொட்டைத் தலையை மூடாமல் நேரே நாத்தனாரின் தையல் கடைக்குப் போனாள். அளவு கொடுக்க வந்த பெண்களுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாத்தனார் தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே மூக்கைப் பொத்தினாள். "ஐயோ அண்ணி, தள்ளி உக்காருங்க, கிருமி!"

"ஏய், அது என் துணி!" என்று கத்தினாள் ஒருத்தி.

"டாக்டருக்கே தெரியாதது உனக்கு எப்படிடி தெரிஞ்சுச்சு? மெஷின் வந்து காதுல சொல்லுச்சா?" என்றாள் நெட்டையக்கா. "அந்த மெஷின் என் காசு. நீதான் என் வீட்டுப் படி ஏற மாட்டே, நான் உன் படி ஏறிட்டேன். எடு பணத்தை."

கடையே சிரித்தது. நாத்தனார் முகம் சுண்டிப்போய், எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை மேசையில் வீசினாள். நெட்டையக்கா விரலை நாக்கில் நனைத்து நனைத்து, ஒவ்வொரு நோட்டாக, அவசரமே இல்லாமல் எண்ணினாள். பிறகு அதே ஈரவிரலால் மீதியை நீட்டினாள்.

"நூத்தம்பது. தொட பயமா இருந்தா சொல்லு, நானே வச்சுக்கறேன்."

நாத்தனார் நோட்டைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடியும் நோட்டைப் பார்த்தாள். மூக்கிலிருந்த கை மெல்ல இறங்கிவந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"கணக்குன்னா கணக்குதானே, அண்ணி."

"ஆமா, தீர்ந்துச்சு," என்றாள் நெட்டையக்கா. "இப்ப குடிக்கத் தண்ணி குடு. உன் டம்ளர்ல."