மேலாளர் பக்கத்து நியாயம்

கேஸ் போட்டிக்குப் போகிறேன் என்றதும் என் சித்தி, "ஏண்டி, பிசினஸ் படிக்கிறவளுக்குக் கோர்ட்ல என்ன வேலை?" என்று கேட்டாள். கோர்ட்டே தேவலாம். அங்கே குற்றவாளிக்கும் ஒரு வக்கீல் உண்டு. இங்கே ஏதோ ஒரு கம்பெனி திண்டாடிய கதையை அச்சடித்துக் கொடுத்து, நான்கு மாணவர்களை ஆறு மணி நேரம் ஓர் அறையில் அடைத்துவிடுவார்கள். போனைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே வந்து, அந்தக் கம்பெனி என்ன செய்திருக்க வேண்டும் என்று நடுவர்களிடம் இருபது நிமிடம் பேச வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் கேள்வி. தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைக்காத பிள்ளைகள், அதில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் புத்தி சொல்லும் விளையாட்டு. நான் அதில் கெட்டிக்காரி.

எங்கள் அணியின் தலைவனுக்கு மைக்கு என்று பெயர் வைத்திருந்தோம். கையில் மைக் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே பேசுவான். கணக்குக்கு ஒருத்தி, ஸ்லைடுக்கு ஒருவன். நடுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. இறுதிச் சுற்றில் ஜெயிக்கிற நான்கு பேருக்கும், போட்டியை நடத்துகிற கம்பெனியிலேயே வேலை. அப்பா யாருடைய கடையிலோ சம்பளத்துக்குச் சரக்கு எண்ணிக்கொண்டிருந்த வீட்டில் அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

இறுதிச் சுற்றின் கேஸ் பதினான்கு பக்கம். தண்ணீர் ஹீட்டர் செய்யும் தொழிற்சாலை. மூன்றாம் பக்கத்தில், 'உற்பத்தி மேலாளர் பதினொரு நாள் வேலையை நிறுத்தினார்' என்று வாசித்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனேன். கம்பெனியின் பெயரை மாற்றியிருந்தார்கள், மேலாளரின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். எண்களை மாற்ற மறந்துவிட்டார்கள். பதினொரு நாள், இருநூற்று நாற்பது தொழிலாளர்கள். அந்த மேலாளர் என் அப்பா.

சோதனை அறையில் மூன்று ஹீட்டர்களின் மேல்தகட்டில் கரண்ட் கசிந்தது. குளிக்கப் போகிறவன் செத்துப்போவான் என்று அப்பா உற்பத்தியை நிறுத்தினார். வெளி லேபுக்குச் சில ஹீட்டர்கள் போயின, குறை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதற்குள் பெரிய வாடிக்கையாளர் கைநழுவிப் போனார். எட்டே மாதத்தில் தொழிற்சாலைக்குப் பூட்டு. கேஸ் இவ்வளவுதான் சொன்னது. லேபுக்கு ஹீட்டர்களை எடுத்துக் கொடுத்தது முதலாளியின் மச்சான் என்பதையும், கசிந்த மூன்றில் ஒன்றுகூட அங்கே போகவில்லை என்பதையும் சொல்லவில்லை.

இதை எழுதிய பேராசிரியருக்கு அதெல்லாம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு மதியம் உட்கார்ந்து, அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனவர் அவர்தான். பூட்டு விழுந்த நாளிலிருந்து வாயைத் திறக்காத அப்பா, அவரிடம் டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். "வேலை போனவங்க என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. படிக்கிற பிள்ளைங்களாவது புரிஞ்சுக்கட்டும்" என்றார். பதினான்கு பக்கத்தையும் இரண்டு முறை புரட்டினேன். மச்சானும் இல்லை, டைரியும் இல்லை. டீ குடித்த வாய்க்கு நன்றியும் இல்லை.

மைக்கு பலகையில் ஒரு மனிதனை வரைந்து சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். "பிரச்சனை சிஸ்டத்துல இல்ல, இந்த ஆளுதான். சரியான பயந்தாங்கொள்ளி. டெஸ்ட் ஒரு பக்கம், லோடு ஒரு பக்கம்னு அனுப்பியிருந்தா இன்னிக்குக் கம்பெனி ஓடிட்டிருக்கும்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன். போட்டிப் படிவத்தில் ஒரு விதி இருந்தது: கேஸில் வரும் கம்பெனியோடு யாருக்காவது தொடர்பு இருந்தால் சொல்லிவிட வேண்டும், அணி விலக்கப்படும். நான்கு பேரின் வேலை என் நாக்கு நுனியில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதுவரை செய்ததற்கு என்னிடம் ஒரு சாக்காவது இருக்கிறது.

மேடையில் மைக்கு வெளுத்துக் கட்டினான். கேள்வி நேரத்தில் நடுவர்களில் ஓர் அம்மா, கேஸை மூடி வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. அந்த மேலாளர் பக்கம் கொஞ்சமாவது நியாயம் இருக்குமான்னு யோசிச்சீங்களா?"

அப்பாவை இழுக்கவே வேண்டியதில்லை. 'லேபுக்குப் போன ஹீட்டர்களை யார் எடுத்தாங்கன்னு கேஸ்ல இல்லையே மேடம்' என்று ஒரு வரி போதும். எந்த அந்நியனும் கேட்கக்கூடிய கேள்வி, விதியும் மீறப்படாது. ஆனால் எங்கள் பதினெட்டு ஸ்லைடும் அந்த ஒரு வரியில் சரிந்துவிடும். மைக்கு என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். கடிகாரத்தில் நாற்பது வினாடி இருந்தது.

"யோசிச்சோம் மேடம். பயம் ஒரு ஆதாரம் இல்ல. அவர்கிட்ட இருந்தது பயம் மட்டும்தான்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். நாங்கள் ஜெயித்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாப்பாட்டு டப்பாவை எடுக்க என் பையைத் துழாவினவள், கேஸையும் எடுத்து மேஜைமேல் போட்டாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "என் பொண்ணு எதுல ஜெயிச்சான்னு நானும் படிக்கிறேனே" என்றார். பிடுங்கியிருக்கலாம். கை வரவில்லை.

நின்றபடி படித்தவர், மூன்றாம் பக்கம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். பதினான்காம் பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கப்புறம் வேற பக்கம் இருக்காம்மா?"

"இல்லப்பா."

அம்மா டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா தாள்களை அடுக்கி மேஜை விளிம்போடு நேராக்கினார். நான் என்ன சொன்னேன் என்று கேட்பார் என நினைத்து நின்றேன். அதை அவர் கேட்கவில்லை.

"இத்தனை காலேஜ் பிள்ளைங்க வந்திருக்காங்க. ஒருத்தர் கூடவா கேக்கல, லேபுக்குப் போன ஹீட்டர யார் எடுத்துக் கொடுத்தான்னு?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

"கேட்டாங்கப்பா. வேற காலேஜ் பொண்ணு ஒருத்தி கேட்டா."

"அப்படியா? மேடையில வச்சா?"

"ஆமாப்பா."

"அந்தப் பொண்ணு ஜெயிச்சாளா?"

"இல்ல."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். பூட்டு விழுந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

"பரவாயில்ல. யார் பெத்த பொண்ணோ, நல்லா வளர்த்திருக்காங்க. அவ நம்பர் கிடைக்குமா? நானே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்."

"விசாரிச்சுப் பாக்குறேன்ப்பா" என்றேன்.